ஜலதோஷத்தில் தோஷம் யாருடையது?

(மழைக்காலத்தில் நடந்த ஒரு பொதுக்கூட்டச் சொற்பொழிவு)



சளி, இருமல், காய்ச்சல் ஆகியவைகளைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். கடவுள், மதம், ஜாதி என்று பேசுகிறவனுக்கு மூக்குச் சளியில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் வைத்தியப் படிப்புப் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்திலேயே அதிகம் படித்தவனல்ல. ஆனால் நம் வீடுகளுக்குள் ஜோசியனும் மந்திரவாதியும் பூசாரியும் எந்த வாசல் வழியாக நுழைகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அது குழந்தையின் காய்ச்சலாகத்தான் இருக்கிறது. பகலெல்லாம் நமது கூட்டத்தில் கைதட்டுகிற தோழர் வீட்டிலும், இரவு இரண்டு மணிக்குக் குழந்தை இருமி மூச்சு வாங்குகிறபோது, பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிகிறாள். தோழரும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். ஏன் சும்மா இருக்கிறார் என்றால், அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய வேண்டுமென்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கூட்டம்.

முதலில் இந்த நோயின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜலதோஷம் என்கிறோம். ஜலத்தின் மேல் பழி, அதிலும் தோஷம். வெள்ளைக்காரன் மாத்திரம் யோக்கியன் என்று எண்ணிவிடாதீர்கள். அவன் இன்புளுயன்சா என்று பெயர் வைத்தான். அது இத்தாலி பாஷை. ஆதிக்கம் என்று அர்த்தம். யாருடைய ஆதிக்கம் என்றால், நட்சத்திரங்களின் ஆதிக்கம்! அவன் ஊரிலும் காய்ச்சலுக்குக் கிரகபலன் பார்த்த ஜோசியன் இருந்திருக்கிறான். ஆனால் அவன் பெயரை வைத்துக்கொண்டு காரணத்தை மாற்றிக்கொண்டான். நாம் இரண்டையும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

எப்படி மாற்றிக்கொண்டான்? 1933ஆம் ஆண்டில் லண்டனில், காய்ச்சல் கண்ட ஒருவர் தொண்டையைக் கொப்பளித்துத் துப்பிய நீரை, பாக்டீரியா என்னும் கிருமிகளெல்லாம் தங்கிவிடக்கூடிய வடிகட்டியில் வடித்து, கீரியைப் போன்ற ஃபெர்ரெட் என்கிற பிராணியின் மூக்கில் விட்டார்கள். அதற்கும் காய்ச்சல் வந்து மூக்கு ஒழுகிற்று. அப்படியானால் வடிகட்டியிலும் அகப்படாத அவ்வளவு நுண்ணிய ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. அதுதான் வைரஸ். பிறகு அந்த ஆராய்ச்சியில், நோய் கண்ட ஃபெர்ரெட் ஒன்று ஆராய்ச்சிக்காரர் ஒருவர் முகத்திலேயே தும்மிற்று. அவருக்கும் காய்ச்சல் கண்டது. தோழர்களே, அந்தப் பிராணிக்கு ஜாதகம் யார் எழுதினார்கள்? அதற்கு எந்தக் கிரகம் எந்த வீட்டில் இருந்தது?

சரி, கிரகம் வேண்டாம், குளிர்தானே காரணம், மழையில் நனைந்தால் சளி பிடிக்கத்தானே செய்கிறது என்பீர்கள். வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்பர்கன் என்று ஒரு தீவு இருக்கிறது. சுரங்க வேலைக்காரர்கள் வாழ்கிற பனிப்பாறைத் தேசம். அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் கடல் உறைந்து கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். 1930-31இல் அங்கே கணக்கெடுத்தார்கள். குளிர் கொல்லுகிற அந்த மாதங்களில் சளி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. வசந்தம் பிறந்து முதல் கப்பல் வந்தது. வந்த சில நாட்களில் ஊரெல்லாம் தும்மல்! கப்பலில் குளிர் வரவில்லை, மனிதர்கள் வந்தார்கள். மனிதர்களின் மூச்சில் கிருமி வந்தது. 1946இல் இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் சளி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. தாமாக முன்வந்த ஆட்களைக் குளிக்கச் செய்து ஈரத்தோடு குளிர்காற்றில் நிறுத்தி, ஈரமான காலுறையோடு உலவவிட்டுப் பார்த்தார்கள். குளிர் மாத்திரம் பட்டவர்களுக்குச் சளி வரவில்லை.

நம் ஊருக்கும் இப்படிக் கப்பல் வந்ததுண்டு. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போது ஆசியா முழுதும் பரவிக்கொண்டிருந்த காய்ச்சல், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் மூலமாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. மே மாதத்துச் சென்னையில் குளிர் ஏது? ஐப்பசி, கார்த்திகையில் நமக்குச் சளி அதிகமாவதும் உண்மைதான். மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏழு பேர் ஒரே அறையில் படுத்து ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்குவது அதற்குப் பெரிய காரணம். குளிர்காற்று மூக்கின் எதிர்ப்புச் சக்தியைச் சற்றுத் தளர்த்தக்கூடும் என்றும் சொல்லுகிறார்கள், இருக்கட்டும். கிருமி இல்லாவிட்டால் தளர்ந்த மூக்கும் ஒழுகப் போவதில்லை.

இதில் நம் வீட்டுப் பெண்களுக்குச் சேரவேண்டிய நியாயம் ஒன்றிருக்கிறது. கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் விசாரணை யார் மேல் நடக்கிறது? தாய் தலைக்குக் குளித்தாள், தாய் தயிர் தின்றாள், தாய் வாழைப்பழம் தின்றாள், தீட்டுக்காரி எவளோ வந்து குழந்தையைப் பார்த்தாள் என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரி வரையில் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். பிறகு பத்தியம் என்ற பெயரால் பால் கொடுக்கிறவளைப் பட்டினி போடுகிறார்கள். கிருமியைக் கொண்டுவந்தவனோ பெரும்பாலும் வெளியே சுற்றிவிட்டு வந்த தகப்பனாக இருப்பான். இருமிக்கொண்டே குழந்தையை முத்தமிட்டவனை யாரும் கேட்பதில்லை. தாய்க்கே சளி பிடித்திருந்தாலும் பாலை நிறுத்தக்கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். நோயை எதிர்க்கிற சத்து அந்தப் பாலிலேயே குழந்தைக்குப் போகிறது.

நிற்க, இந்த நோயின் சுபாவம் ஒன்றைச் சொல்லவேண்டும். நம் நாட்டு மூடநம்பிக்கைகளில் பாதிக்கு அந்தச் சுபாவமே மூலதனம். சளியை உண்டாக்குகிற வைரஸ்கள் 200க்கு மேல் இருக்கின்றன. அதனால்தான் ஒன்று வந்து போனாலும் இன்னொன்று வருகிறது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே போய்விடும். மூக்கு ஒழுகல் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சமாகி, ஏழு முதல் பத்து நாளில் தணியும். இன்புளுயன்சா திடீரென்று அடித்துப் போட்டதுபோல் உடல்வலியோடு வந்து, காய்ச்சல் மூன்று நான்கு நாள் இருக்கும். இருமல் மாத்திரம் மூன்று வாரம் வரையில் இழுக்கலாம். நடுவில் சளி மஞ்சளாகும், பச்சையாகும். நிறம் மாறியதனாலேயே நோய் முற்றிவிட்டதென்று அர்த்தமல்ல. உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

தானாகப் போகிற நோய்க்கு எவன் வேண்டுமானாலும் வைத்தியனாகலாமல்லவா? நாம் முதல் நாளே எங்கும் ஓடுவதில்லை. மூன்றாம் நாள், நோய் உச்சத்தில் இருக்கும்போது, பயந்துகொண்டு ஓடுகிறோம். அன்றைக்குப் பூசாரி கயிறு கட்டுகிறான். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. கயிற்றின் மகிமை என்கிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பனம்பழம் பழுத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. காக்கைக்குக் கோயில் கட்டுகிறார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் அந்நாளில் பிளேக் வந்தபோது பிளேக் மாரியம்மன் வந்தாள். 2021ஆம் ஆண்டு அதே கோயம்புத்தூரில் கொரோனா தேவி என்று சிலை வைத்தார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் தட்டைத் தட்டியது நினைவிருக்கும். வைத்திய ஊழியர்களுக்கு நன்றி தெரிவிக்கவென்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த ஓசையின் அதிர்ச்சியில் கிருமி செத்துவிடும் என்று கைப்பேசியில் ஊரெல்லாம் எழுதி அனுப்பியவர்களில் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள்.

பூசாரியை மாத்திரம் திட்டிவிட்டுப் போனால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். கயிற்றைப் பார்த்துச் சிரிக்கிற பட்டணத்துத் தோழர் என்ன செய்கிறார்? நேரே மருந்துக்கடைக்குப் போய், "காய்ச்சல், உடம்புவலி, ஒரு செட் மாத்திரை கொடு" என்கிறார். கடைக்காரன் காகிதத்தில் நாலு நிறத்து மாத்திரைகளை மடித்துக் கொடுக்கிறான். எந்த மாத்திரை எதற்கென்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பல சமயம் விற்கிறவனுக்கும் தெரியாது. அதிலே ஒன்று ஆன்டிபயாடிக், ஒன்று ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லுகிற மருந்து. வைரசை அது ஒன்றும் செய்யாது. அநாவசியமாகத் தின்னத் தின்ன, உடம்பிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்கு மசியாதவையாகப் பழகிக்கொள்ளும். நாளைக்கு உண்மையான நிமோனியா வந்தால் மருந்து வேலை செய்யாது. அர்த்தம் தெரியாமல் மந்திரம் கேட்பதற்கும் பெயர் தெரியாமல் மாத்திரை தின்பதற்கும் என்ன வித்தியாசம்? "ஊசி போட்டால்தான் நிற்கும்" என்று டாக்டரைக் கட்டாயப்படுத்துகிறவனும் சாமியாடியிடம் உடுக்கையடிக்கச் சொல்லுகிறவனும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான்.

தமிழ் மருந்து என்பதற்காக நம்முடைய கஷாயத்துக்கும் நான் விதிவிலக்குக் கொடுக்க மாட்டேன். சுக்குக் காப்பி, மிளகு ரசம் குடித்தால் தொண்டைக்கு இதமாயிருக்கும், உடம்பில் தண்ணீர் சேரும், தாராளமாகக் குடியுங்கள். அது வைரசைக் கொன்றது என்று எவனாவது விளம்பரம் செய்தால், பூசாரியைக் கேட்கிற அதே கேள்வியை அவனையும் கேளுங்கள்: குடித்தவர் எத்தனை பேர், குடிக்காதவர் எத்தனை பேர், யாருக்கு முதலில் குணமாயிற்று, அதற்குக் கணக்கு எங்கே?

இருமல் மருந்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்லுகிறேன். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாரா ஜில்லாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்திருந்தது. அது நம் காஞ்சிபுரம் ஜில்லாவிலுள்ள ஆலையில் செய்யப்பட்டது என்பதை நாம் வெட்கத்தோடு நினைவில் வைக்கவேண்டும். தானாக நின்றிருக்கக்கூடிய இருமலுக்காக அந்தக் குழந்தைகளின் உயிர் போயிற்று. விஷமில்லாத நல்ல மருந்தானாலும், நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி இருமல் மருந்துகளால் நன்மை கிடையாது, தீமை உண்டு. ஒரு வயது கடந்த குழந்தைக்குப் படுக்கப் போகுமுன் ஒரு சிறு கரண்டி தேன் கொடுங்கள், போதும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனைத் தொட்டு வைக்கவும் கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுக்களின் உடம்பில் விஷத்தை உண்டாக்கும்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? அதிகமில்லை. ஓய்வு, தண்ணீர், கஞ்சி, குழந்தை விரும்புகிற எந்த உணவும். காய்ச்சல்காரனைப் பட்டினி போடாதீர்கள். மூக்கடைத்த சிசு பால் குடிக்க முடியாமல் அழும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்துவிட்டுப் பால் கொடுங்கள். எண்ணெயை மூக்கில் விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கிக் கெடுதி செய்யும். குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை போடுகிறீர்களே, அந்தப் புகை ஏற்கெனவே புண்பட்டிருக்கிற மூச்சுக் குழாயை மேலும் புண்படுத்துகிறது. கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்கு முன் குழந்தையை உட்காரவைத்துப் போர்வை மூடி ஆவி பிடிப்பதும் வேண்டாம்; ஆவி வைரசைக் கொல்லாது, சட்டி கவிழ்ந்தால் குழந்தையைக் கொல்லும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் நல்ல மருந்துதான், அளவு தெரிந்தால். குழந்தைக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதாவது 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் விற்கிறது, 250 உள்ள புட்டியும் விற்கிறது. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி "ஒரு மூடி கொடுத்தேன்" என்றால் அது எந்த மூடி? புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். பெண்பிள்ளையைப் படிக்க வைக்காதே என்கிறானே, அவன் வீட்டுக் குழந்தைக்கு மருந்து ஊற்றுகிறவள் யார் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. நாளொன்றுக்கு எட்டைத் தாண்டவே கூடாது. சாராயம் குடிப்பவனுக்கும் ஈரல் கெட்டவனுக்கும் அதில் பாதி. செட் மாத்திரையிலும் அதே பாரசிட்டமால் வேறு பெயரில் ஒளிந்திருக்கும், ஜாக்கிரதை. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. சளியும் இருமலும் இல்லாமல் மழைக்காலத்தில் காய்ச்சல் மாத்திரம் அடித்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் காத்திராமல் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, சளிதானே, தானாகப் போகும் என்று எல்லாவற்றுக்கும் சும்மா இருந்துவிடாதீர்கள். இதே இன்புளுயன்சா 1918-19இல் இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சும்மா இருக்கலாம் என்றாலும், அந்த ஒரு தடவை எது என்று கண்டுபிடிக்கத் தெரியவேண்டும். அதற்கு ஜோசியம் வேண்டாம், கடிகாரம் போதும்.

தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்கவேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு மார்பும் வயிறும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒருதரம் ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பது சரிவராது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலும் தாண்டினாலும் அது வெறும் சளியல்ல, நிமோனியாவாக இருக்கலாம். சிறு சிசுவானால் இன்னொரு தரம் எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். பால் குடிக்க முடியாவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், வலிப்பு வந்தால், தட்டியும் எழாமல் மயங்கிக் கிடந்தால், உதடு நீலம் பாய்ந்தால், 108க்குக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குத் தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினாலே போகவேண்டியதுதான். பெரியவர்களில், பேசும்போது மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், புத்தி தடுமாறினாலும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினாலும் அப்படியே. காய்ச்சல் விட்டு நன்றாகிவிட்டது என்றிருக்கும்போது மறுபடியும் ஏறினால் அதை மாத்திரம் அலட்சியம் செய்யாதீர்கள். சளிக்குப் பின்னால் நிமோனியா அப்படித்தான் நுழையும்.

வழியில் வேப்பிலை அடிக்க நிற்காதீர்கள். அந்த அரைமணி நேரம் குழந்தையுடையது.

பரவாமல் தடுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. இருமுகிறவர் ஐந்தாறு நாள் தனியாகப் படுக்கட்டும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளட்டும், முழங்கை மடிப்பில் இருமட்டும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பும். 2020இலேயே கிளம்பிற்று. "பார்த்தீர்களா, எங்கள் முன்னோர்கள் மடி, ஆசாரம், எட்டி நில் என்றெல்லாம் வைத்தது சுகாதாரத்துக்குத்தான்" என்றார்கள். தோழர்களே, சுகாதாரத்துக்காக எட்டி நிற்கச் சொல்லுவது இருமுகிறவனை. அவன் எந்த ஜாதியானாலும் சரி. இருமல் நின்றால் தடையும் நின்றது. இவர்கள் எட்டி நிற்கச் சொன்னதோ நோயில்லாதவனை, அவன் பிறந்த தெருவுக்காக, அவன் சாகிறவரையில், அவன் பேரன் சாகிறவரையில். இருமுகிற ஐயர் கையால் தீர்த்தம் வாங்கிக் குடிப்பது ஆசாரமாம். திடகாத்திரமாயிருக்கிற தோட்டி குளத்தில் இறங்கினால் தீட்டாம். இதில் எந்த இடத்தில் கிருமி இருக்கிறது?

இன்புளுயன்சாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அந்த வைரஸ் வருஷா வருஷம் வேஷம் மாற்றுவதால் வருஷந்தோறும் போடவேண்டும். கர்ப்பிணிகள், வயோதிகர்கள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. இவர்களுக்கே காய்ச்சல் வந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் போகவேண்டும். இன்புளுயன்சாவுக்கென்று இருக்கிற மருந்து ஆரம்பத்தில் கொடுத்தால்தான் அதிகம் பயன்படும்.

நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். கைக்குழந்தையோடு வந்திருக்கிற தாய்மார்கள் உடனே போய்விட வேண்டாம். என்னிடம் கடிகாரம் இருக்கிறது. மூச்சு எண்ணுவது எப்படி என்று ஒருதரம் சேர்ந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாம். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பதால் இதுதான் நல்ல சமயம்.